மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கோப்

2022 மார்ச்சில் ஒருநாள் காலை, சிறுநீர் சிவப்பாக, சிராப் தண்ணி நிறத்தில் வந்தது. வலி துளியும் இல்லை. அதனாலேயே கிளினிக்கில் கொடுத்த தொற்று மாத்திரையை நம்பி இரண்டு வாரம் இருந்துவிட்டேன். நின்ற ரத்தம் மறுபடி வந்ததும்தான் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, பினாங்கில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி. ஏப்ரலில் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவி விட்டு அதைச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை. ஆனால் வீரியமான ரகம், திரும்ப வரும் என்றார் டாக்டர். பிறகு வாரம் ஒருமுறை, ஆறு வாரம் பிசிஜி மருந்து. குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் போடுகிறார்களே, அதுதான். சிறுநீர்ப்பையில் ஏற்றி இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும்.

அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு மூன்று மாதத்துக்கொரு ஸ்கோப், அதாவது சிறுநீர்ப் பாதை வழியே கேமராக் குழாய் விட்டுச் சிறுநீர்ப்பையைப் பார்ப்பது. ஆண்கள் பலர் இதற்குப் பயந்தே தேதியைத் தள்ளுகிறார்கள். மரத்துப்போக ஜெல் விடுவார்கள். வளையும் மெல்லிய குழாய்தான். உள்ளே போகும் இடத்தில் ஒரு இறுக்கம். "ஒண்ணுக்குப் போற மாதிரி நினைச்சுக்குங்க அங்கிள்" என்றாள் தாதிப் பெண். நினைத்தேன், தளர்ந்தது. சில நிமிடத்தில் முடிந்தது. எரிச்சல் ஓரிரு நாள். தண்ணீர் நிறையக் குடித்தால் அடங்கும். காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே போய்விடுங்கள்.

ஜூலை, அக்டோபர் இரண்டும் சுத்தம். ஜனவரித் தேதி வந்தபோது தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் வேலை தலைக்கு மேல் கிடந்தது. சிறுநீர் பளிங்காக இருந்தது, அதிலுள்ள செல்களைப் பார்க்கும் சைட்டாலஜியும் சரி. தள்ளிப்போடலாம் என்றேன். "பந்தலுக்கு ஆள் இருக்கு, நீங்க கிளம்புங்க" என்றாள் மனைவி.

அன்று திரையில் நானே பார்த்தேன். இளஞ்சிவப்புச் சுவரில் பாசி போல ஒரு கொத்து, உளுந்தம்பருப்பு அளவு, தண்ணீரில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வீரியம் குறைந்த கட்டியை சைட்டாலஜி பலமுறை தவறவிடும், கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அந்த அளவிலேயே எடுத்துவிட்டார்கள். இடையில் ரத்தம் கண்டால் தேதிக்குக் காத்திருக்காமல் வரவும் சொன்னார்.

சமையலறைக் காலண்டரில் மனைவி பழைய வட்டங்களை அடித்துவிட்டு, மறுபடி முதல் மூன்று மாதத்திலிருந்து போட்டு வைத்திருக்கிறாள்.