அலரியில் இருக்கும் பச்சைப் புழுவை அடிக்காதீங்கோ

எங்கட வன்னி வளவுகளில் அலரி, நந்தியாவட்டைக் கொப்புகளில் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்கள், வால்பக்கம் சின்னக் கொம்பு. பாம்புக்குட்டி என்று பயந்து தடி எடுப்பவர்களே அதிகம். அவை கண்கள் இல்லை. குருவிகளை மிரட்டும் வெறும் புள்ளிகள். கொம்பும் குத்தாது.

ஆடுமாட்டைக் கொல்லக்கூடிய நஞ்சு அலரி இலையில் இருக்கிறது. இந்தப் புழு அதையே தின்று கொழுக்கிறது! கூட்டுப்புழுவாகும் நேரம் பச்சை மாறிப் பழுப்பாகி, கீழே இறங்கிச் சருகுக்குள் போய்விடும். அப்புறம் வெளியே வரும் அந்துப்பூச்சியை ஒருமுறையாவது பார்க்கவேண்டும். பாசிப்பச்சையில் வெள்ளையும் ரோசாவும் ஓடிய சிறகுகள், விரித்தால் ஏறக்குறைய 10 செ.மீ. மாலைக் கருக்கலில், வாசமுள்ள பூக்களின் முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும்.

1758இலேயே சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயர் வைத்த இனம் இது. ஆபிரிக்காவிலும் தெற்காசியாவிலும் வாழ்கிறது. கோடையில் வடக்கே ஐரோப்பாவுக்குப் பறப்பவையும் உண்டு, சில இங்கிலாந்து வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

தயவுசெய்து மருந்து அடிக்காதீங்கோ. தின்ற கொப்பு திரும்பத் துளிர்க்கும். பிள்ளைகளுக்குப் புழுவைக் காட்டுங்கோ, அலரி இலையை மட்டும் வாயில் வைக்கவிடாதீங்கோ.