ஐந்து சதவீதத்தில் ஓடிய ரயில்

ராயபுரம் ரயில் நிலையத்தின் உயர்ந்த தூண்களைக் கடந்து செல்லும்போதெல்லாம், இதைக் கட்டிய பணம் உண்மையில் யாருடையது என்ற கேள்வி எனக்குள் எழும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை சென்றது. அதை ஓட்டியது மதராஸ் ரயில்வே கம்பெனி. இலாபத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் இங்கிலாந்துப் பங்குதாரர்கள். நட்டத்தை ஈடுகட்டக் கடமைப்பட்டவர்கள் இங்கே நிலவரி செலுத்திய குடியானவர்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு உத்தரவாத முறை என்று பெயர். ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயுடனும் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயுடனும் 1849-இல் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தங்களின்படி, முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானம் உறுதி செய்யப்பட்டது. நிலமும் இலவசமாகத் தரப்பட்டது. வருவாய் அந்த அளவை எட்டாவிட்டால், குறைந்த தொகையை இந்தியக் கருவூலம் நிரப்பியாக வேண்டும். வட்டி எப்படியும் வந்துவிடும் என்றால் சிக்கனம் எதற்கு? தன் பணம் ஹூக்ளி ஆற்றில் வீசப்பட்டாலும் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறினாலும் பங்குதாரருக்கு ஒன்றுதான் என்று, இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாசி 1872-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தார். ஆட்சியாளர் ஒருவரின் வாயிலிருந்தே வந்த சொல் என்பதால், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பின்னர் அரசு ஒவ்வொரு பாதையாக விலைக்கு வாங்கத் தொடங்கியது. ஆனால் 1880-இல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயை வாங்கிய கையோடு, அதை நடத்தும் பொறுப்பைப் பழைய கம்பெனியிடமே ஒப்படைத்துவிட்டது. சொத்து அரசுடையது, நிர்வாகம் லண்டனில் கூடிய இயக்குநர் குழுவினுடையது என்ற இந்த இரட்டை நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளங்களும் வண்டிகளும் தேய்ந்துபோக, பயணிகளின் குறைகளும் பெருகின. ரயில்வே நிர்வாகத்தை ஆராய அமைக்கப்பட்ட வில்லியம் ஆக்வொர்த் தலைமையிலான குழு, அரசே நேரடியாக நடத்த வேண்டும் என்று பெரும்பான்மையாகப் பரிந்துரைத்தது. 1925-இல் ஈஸ்ட் இந்தியன், கிரேட் இந்தியன் பெனின்சுலா ஆகிய இரு பெரிய ரயில்வேகளும் அரசு நிர்வாகத்துக்கு வந்தன.

தெற்கு வழக்கம்போல் காத்திருந்தது. சவுத் இந்தியன் ரயில்வேயின் நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது 1944-இல்தான். அதனுடன் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயையும் மைசூர் அரசு ரயில்வேயையும் இணைத்து 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவானபோது, ராயபுரத்திலிருந்து அந்த முதல் வண்டி புறப்பட்டு ஏறத்தாழ 95 ஆண்டுகள் ஆகியிருந்தன.