வொண்டர்வாலும் ஒரு வாரச் சண்டையும்

ஏற்காட்டு விடுதிகளில் வார இறுதி இரவுகளில் மூட்டப்படும் நெருப்பைச் சுற்றி யாரேனும் கிட்டாரைக் கையிலெடுத்தால், அடுத்து வரப்போவது இங்கிலாந்து ராக் இசைக்குழுவான ஒயாசிஸின் ‘வொண்டர்வால்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். 1995-இல் வெளிவந்த அந்தப் பாடல் இப்படித் தேய்ந்துபோனதற்கு அதன் எளிமை ஒரு முக்கியக் காரணம்: கிட்டாரின் இரண்டாம் கட்டத்தில் கேப்போவை (கம்பிகள் அனைத்தையும் சேர்த்து அழுத்திச் சுருதியை உயர்த்தும் பிடிப்பான்) மாட்டி, மோதிர விரலையும் சுண்டு விரலையும் கீழ்க்கம்பிகள் இரண்டின் மீது நகர்த்தாமல் வைத்துக்கொண்டு, மற்ற இரு விரல்களை மட்டும் மாற்றினாலே பெரும்பகுதி வந்துவிடும்.

பாடல் எனக்குச் சலித்து நெடுநாளாகிறது. அந்தக் காலத்துப் பகை மட்டும் சலிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று, மான்செஸ்டரின் ஒயாசிஸ் ‘ரோல் வித் இட்’ பாடலையும், அதன் போட்டிக் குழுவான லண்டனின் ப்ளர் ‘கன்ட்ரி ஹவுஸ்’ பாடலையும் வெளியிட்டன. ஒரே தீபாவளிக்கு ரஜினி படமும் கமல் படமும் மோதியதைச் சேலத்தில் பார்த்தவர்களுக்கு இந்தச் சூட்டை விளக்க வேண்டியதில்லை. உழைக்கும் வர்க்க வடக்கு, நடுத்தர வர்க்கத் தெற்கு என்று பத்திரிகைகள் வேறு எண்ணெய் ஊற்றின. முதல் வாரத்தில் ப்ளர் ஏறத்தாழ 2,74,000 பிரதிகளும், ஒயாசிஸ் 2,16,000 பிரதிகளும் விற்றன. ப்ளர் தன் பாடலை இரு வேறு சிடிகளாக வெளியிட்டிருந்ததால், இரண்டையும் வாங்கிய தீவிர ரசிகர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். (இங்கே முதல்நாள் டிக்கெட்டை மொத்தமாக வாங்கும் மன்றங்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) ஆனால் அக்டோபரில் வந்த ஒயாசிஸின் இரண்டாம் ஆல்பம், விற்பனையில் ப்ளரை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது.

என்னைக் கேட்டால், மோதிய இரண்டுமே அந்தந்தக் குழுவின் சிறந்த பாடல்கள் அல்ல. ப்ளர் அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ‘தி யூனிவர்சல்’ அவ்விரண்டையும் விட மேலானது.