எழுதிச் சொன்னதும் வந்து கேட்டதும்

ஜூலை 6, 2025, ஞாயிறு

போன மாதம் கரு கலைந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் நான் அழுதால் மாமி பயந்துபோகிறார். "அடுத்தது தங்கும், பிள்ளை" என்று விபூதி பூசிவிடுகிறார். அவருக்காகவே கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் கோண்டாவிலில் வீடுகள் நெருக்கம். போனில் கதைத்தால் அடுத்த வளவுக்கும் கேட்கும்.

நேற்றிரவு 11 மணிக்கு, டொரொண்டோவில் இருக்கும் தோழிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அங்கே பகல் ஒன்றரை. வாயால் சொல்ல ஏலாத ஒன்றை எழுதினேன்: அந்தப் பிள்ளைக்கு மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். இவருக்கும் தெரியாது. எதிரே ஒரு முகம் இருந்திருந்தால் அந்த வரி வந்திருக்காது.

ஜூலை 8, செவ்வாய்

அவள் பதில் எழுதியபோது கண் கலங்கவில்லை. பிறகு குரல்பதிவு அனுப்பினாள். "என்னடி, சாப்பிட்டியே?" என்ற முதல் வார்த்தையிலேயே உடைந்துவிட்டேன்.

2012இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. மன அழுத்தம் தரும் வேலை ஒன்றைச் செய்யவைத்த சிறுமிகளைத் தாயோடு தொடர்புகொள்ள விட்டார்கள். நேரிலோ போனிலோ தாயின் குரலைக் கேட்டவர்களுக்கு மனதை ஆற்றும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்தது. குறுஞ்செய்தி மட்டும் பரிமாறியவர்கள், தாயோடு தொடர்பே இல்லாதவர்களைப் போலத்தான் இருந்தார்கள். நம்புகிறேன். ஆனால் எனக்கு முதலில் எழுத்துத்தான் தேவைப்பட்டது. அது இல்லாமல் அந்தக் குரல் என்னிடம் வந்திருக்காது. கேட்க யாருமே இல்லாதவர்களுக்கு இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. சாவகச்சேரியில் படிப்பிக்கும் பள்ளித்தோழி ரிபன் கரியரோடு வந்தாள். திறந்தால் சரக்குக்கறி! மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்து, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுப்பது. பிள்ளை இல்லாத வீட்டில் அதைக் காய்ச்ச யாருக்கும் தோன்றவில்லை. "நீயும் பெத்தனிதானேடி, சாப்பிடு" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

பின்னேரம் ஸ்கூட்டியில் பண்ணைக் கடற்கரைக்குப் போனோம். சோளகக் காற்றில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. கேட்காத இடத்தில் அவள் திருப்பிக் கேட்கவுமில்லை, தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கறியையும் அந்தத் தோளையும் எந்தப் போனிலும் அனுப்ப முடியாது. பக்கத்தில் ஆள் இருந்தும் இருவருமே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

டொரொண்டோவுக்கு எழுதியதை இவரிடம் நீட்டினேன். வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். "என்ன பெயர்?" என்றார். சொன்னேன். அதன் பிறகு நிறைய நேரம் கதைத்தோம். அவரும் அன்று ஆஸ்பத்திரி வாசலில் தனியாக நின்று அழுதிருக்கிறார்.

மாமிக்கு இன்னும் தெரியாது. கண் மங்கல், வாசிக்க மாட்டார். நேரேதான் சொல்ல வேண்டும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் சொல்லிவிடுவேன்.