ஏய், ஏய் என்று கத்துகிறவள்

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் மழை பிடித்தால் விடுவதில்லை. தகரக் கூரை இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற துணிச்சலில் போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "யாரடா அவள், ஏய் ஏய் என்று யாரைக் கூப்பிடுகிறாள்?"

அவள் யாரையும் கூப்பிடவில்லை. பின்லாந்து மொழியில் 'எய்' என்றால் 'இல்லை'.

பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் பெயரைச் சொன்னால் அவருடைய 'பின்லாந்தியா' இசையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆய்னோ அக்தே என்ற பாடகிக்காக 1913இல் அவர் எழுதிய, நான் அன்று போட்டிருந்த 'லுவொன்னோதார்' எப்போதாவதுதான் மேடையேறுகிறது. ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முழு வாத்தியக் குழு, அடித்தொண்டையிலிருந்து உச்சிக்குத் தாவும் ஒரு சொப்ரானோ (உச்சக் குரல் பாடகி), அதுவும் பின்லாந்து மொழியில். யார் மெனக்கெடுவார்கள்? முதன்முதலில் பாடப்பட்டதே இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில்தான்.

தந்திகள் சரசரவென்று தொடங்குகின்றன. எனக்கு அது தேயிலை மேல் மழை நடந்து வரும் சத்தம். கதை பின்லாந்தின் 'கலேவலா' காவியத்தின் முதல் பாட்டு. காற்றின் மகள் கடலில் இறங்கி எழுநூறு ஆண்டு நீந்துகிறாள். ஒரு வாத்து கூடு கட்ட இடம் தேடி வருகிறது. வடமேற்கே பறக்கிறது, தெற்கே பறக்கிறது. இல்லை, இல்லை. காற்றில் கட்டினால் காற்று சாய்த்துவிடும், அலையில் கட்டினால் அலை கொண்டுபோய்விடும்.

இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். நாங்கள் இருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் மண் சரிந்த வருடம் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தருகிறோம் என்று அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்து போனார்கள்!

அவள் நீரிலிருந்து முழங்காலை உயர்த்துகிறாள். வாத்து அதில் முட்டையிட்டு அடைகாக்கிறது. சூடு ஏறுகிறது, முழங்கால் அசைகிறது, முட்டைகள் உருண்டு உடைகின்றன. மேலோடு வானமாகிறது, வெண்கரு நிலாவாகிறது, புள்ளிகள் நட்சத்திரங்களாகின்றன.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். இடது முழங்காலைத் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அசையாமல் எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பாள், பாவம்" என்றார். பிறகு, "நிலா வந்தது சரி. அந்த வாத்துக்கு இடம் கிடைத்ததா?"

மறுபடி போட்டுக் கேட்டேன். வாத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.