சிப்பிப்பாறை நாய்க்குச் சென்னையில் பயிற்றுநர் தேடிய அனுபவம்

எங்கள் மின்னி சாத்தூருக்கு அருகே என் சித்தப்பாவின் தோட்டத்தில் பிறந்து, கட்டுப்பாடின்றி ஓடி வளர்ந்த சிப்பிப்பாறைப் பெண் நாய். உடல்நலம் குன்றிய சித்தப்பா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டபோது, ஒரு வயது கடந்திருந்த அவளை மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். வீட்டுக்குள் அவள் இருக்கும் இடமே தெரியாது. தெருவில் இறங்கிவிட்டால் ஸ்கூட்டர், மிதிவண்டி, ஓடும் குழந்தை என எது வேகமாகக் கடந்தாலும் அதன்மேல் பாய்ந்தாள். கழுத்துப்பட்டையை மாட்டக் கை நீட்டினால் உறுமினாள். ஒரு மாலையில் அவள் இழுத்த வேகத்தில் என் மனைவி கீழே விழுந்து மணிக்கட்டில் அடிபட்ட பிறகு, பயிற்றுநரைத் தேடுவதைத் தள்ளிப்போட முடியவில்லை. அந்தத் தேடலில் அறிந்துகொண்டவை, குறிப்பாக நாட்டு இன நாய்களை நகரத்தில் வளர்ப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பயிற்றுநரிடம் போவதற்கு முன்பு மருத்துவரிடம் போனதுதான் எல்லாவற்றிலும் சரியான முடிவு. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவளை அழைத்துச் சென்றோம். உறுமுவது, கடிக்க வருவது, தொட்டால் விலகுவது ஆகியவற்றுக்குப் பின்னால் பல நேரங்களில் வலி இருக்கும். காது, பல், மூட்டு ஆகியவற்றைச் சோதிப்பதோடு, நம் ஊரில் பரவலாக உள்ள உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. மின்னியின் காதுக்குள் புண் இருந்தது. மருந்திட்டு அது ஆறியபின், கழுத்தருகே கை கொண்டுபோனாலும் அவள் உறுமுவதில்லை. எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே எங்கள் இரண்டு கவலைகளில் ஒன்று தீர்ந்தது. அந்தப் புண்ணைக் கவனிக்காமல், உறுமியதற்காக அவளை யாராவது தண்டித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. பாய்ச்சல் மட்டும் அப்படியே நீடித்தது.

நம் நாட்டில் நாய்ப் பயிற்சித் தொழிலுக்கென்று கட்டாயத் தேர்வோ அரசு உரிமமோ கிடையாது. கழுத்துப்பட்டையும் கயிறும் வைத்திருக்கும் எவரும் பயிற்றுநர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டு அமைப்புகள் நடத்தும் தேர்வுகளிலும் இணையவழிப் படிப்புகளிலும் தேறிய சிலர் சென்னையில் இருக்கிறார்கள். அத்தகைய சான்றிதழ், அவர் கற்றலின் அடிப்படைகளைப் படித்திருக்கிறார் என்பதைக் காட்டும். நம் நாயிடம் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை நேரில் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆகவே பரிந்துரைகளைக் கேட்டுக்கொண்டபின், ஒவ்வொருவரும் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

முதலில் வந்தவர் வயதில் மூத்தவர், காவல் நாய்களைப் பழக்குவதில் நீண்ட அனுபவம் உள்ளவர். நேரம் தவறாதவர், பேச்சில் கண்ணியமானவர். ஆனால் மின்னி எங்கிருந்து வந்தாள், என்ன செய்கிறாள் என்று கேட்பதற்கு முன்பே பையிலிருந்து, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியான சோக் செயினை எடுத்தார். நாய் தன்னைக் கூட்டத்தின் தலைவனாக நினைத்துக்கொள்கிறது, அந்த எண்ணத்தை முதலில் உடைக்க வேண்டும் என்பது அவருடைய விளக்கம். சங்கிலியைச் சுண்டி இழுத்ததும் மின்னி காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாலை இடுக்கி, உதட்டை நக்கிக்கொண்டே கொட்டாவி விட்டாள். அவர் அதைக் காட்டி, அடங்கிவிட்டாள் என்றார். அவை அனைத்தும் நாய் அஞ்சும்போதும் குழம்பும்போதும் காட்டும் அறிகுறிகள். நான் பயிற்சியை அங்கேயே நிறுத்தச் சொல்லி, அந்த நாளுக்குரிய கட்டணத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

தலைவன் என்ற அந்தக் கருத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பயிற்றுநர்களைத் தேடும் எவரும் அதை மீண்டும் மீண்டும் கேட்பார்கள். அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் வெளியிட்ட ஆய்விலிருந்து, ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்கான போட்டி ஓயாமல் நடக்கிறது என்ற எண்ணம் பரவியது. அந்த எண்ணத்தை உலகறியச் செய்தவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டில் திரியும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்தபின், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தையும் அவற்றின் குட்டிகளும் சேர்ந்த ஒரு குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை வைத்து, பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்த நாயின் கழுத்தை இறுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. சிப்பிப்பாறை போன்ற நீண்ட, மெல்லிய கழுத்துள்ள இனத்துக்குச் சோக் செயின் உடலளவிலும் ஆபத்தானது. விலங்குகளை அடிப்பதும் தேவையற்ற துன்பத்துக்கு உள்ளாக்குவதும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். பயிற்சி என்ற பெயரில் செய்தாலும் அடி அடிதான்.

அடுத்து, நாயைத் தங்களிடமே சில வாரங்கள் தங்கவைத்துப் பழக்கித் தரும் ஓர் இடத்துக்குப் போனோம். பயிற்சி நடக்கும்போது உரிமையாளர்கள் பார்க்க அனுமதி இல்லை என்றார்கள். பலன் உறுதி என்றும் சொன்னார்கள். பார்க்க முடியாத பயிற்சியும் உயிருள்ள ஒன்றைப் பற்றிய உறுதிமொழியும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்ததால் உடனே திரும்பிவிட்டோம்.

இதன் பிறகு தொலைபேசியிலேயே சில கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன். நாய் சொன்னதைச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டும் முக்கியமானவை. நேரான பதில் சொல்லாமல், நாயைப் பார்த்த பிறகு தெரியும், எல்லாம் அனுபவம்தான் என்று நழுவியவர்களை விட்டுவிட்டேன். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் ஆகிய நம் இனங்களோடு பழகியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு, எல்லா நாயும் ஒன்றுதான் என்று பதில் சொன்னவர்களும் உண்டு. ஒன்றல்ல. லாப்ரடாரும் அல்சேஷனும் மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதற்காக உருவாக்கப்பட்டவை. ஆளின் முகத்தைப் பார்த்து அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பது அவற்றுக்கு எளிதாக வரும். சிப்பிப்பாறையோ கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு, யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் தானே முடிவெடுத்துத் துரத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட நாய். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த வேட்டை இன்று குற்றம். ஆனாலும் வேகமாக அசையும் பொருளைக் கண்டதும் பாயும் இயல்பு நாயின் உடலில் அப்படியே இருக்கிறது. மின்னிக்கு ஸ்கூட்டர் முயலாகத் தெரிந்ததை அடங்காமை என்று பார்க்கும் ஒருவரால் அவளுக்கு உதவ முடியாது என்பது எனக்கு அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது.

இறுதியில் நாங்கள் தேர்ந்தெடுத்தவர் ஓர் இளம்பெண். அவரைப் பரிந்துரைத்தவர் எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர். முதல் நாள் வீட்டுக்கு வந்தவர், மின்னி அறையின் மறுமூலையில் இருந்தபோதே தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு நான் அவளைத் தொடப் போறதில்ல சார், அவ என்னைப் பார்க்கட்டும்" என்றார். பிறகு கேள்விகள் தொடங்கின. குட்டியாக இருந்தபோது அவள் எத்தகைய மனிதர்களையும் ஓசைகளையும் அறிந்திருந்தாள், எங்கே தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு தொலைவில் ஸ்கூட்டர் வரும்போது காதை நிமிர்த்துகிறாள், பாய்ந்தபின் அமைதியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வேப்பேரி மருத்துவமனையின் அறிக்கையையும் வெறிநோய்த் தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். குட்டிகள் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை காணும் காட்சிகள்தான் பிற்காலத்தில் அவற்றுக்கு அச்சமூட்டாதவையாக இருக்கும் என்றும், தோட்டத்தில் அந்த வாரங்களைக் கழித்த மின்னிக்கு நகரத் தெருவின் பெரும்பகுதி அந்நியமானது என்றும் விளக்கினார். எவ்வளவு நாளில் சரியாகும் என்று நான் கேட்டபோது, உறுதி எதுவும் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த மறுப்பே எனக்கு அவர்மேல் நம்பிக்கையைத் தந்தது.

தலை குறுகிய இந்த இனத்துக்குச் சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்றுவிடும் என்பதால், மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸையும் அகலமான பட்டையையும் வாங்கச் சொன்னார். பயிற்சி தெருவில் தொடங்கவில்லை; வண்டிகள் தொலைவில் மட்டும் தெரியும் ஒரு காலி மனையின் ஓரத்தில் தொடங்கியது. ஸ்கூட்டரைக் கண்டும் மின்னி பாயாமல் நிற்கக்கூடிய தொலைவு எது என்று முதலில் கண்டுபிடித்தார். அந்தத் தொலைவில் நின்றுகொண்டு, ஸ்கூட்டர் கண்ணில் பட்டதும் வேகவைத்த கோழித்துண்டு, அது மறைந்ததும் துண்டு நின்றுவிடும் என்ற ஒழுங்கைத் தவறாமல் கடைப்பிடித்தோம். ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்று வரும் என்று விலங்கு கற்றுக்கொள்வதைப் பாவ்லவ் விளக்கியது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது; அது நம் வீட்டு நாயிடம் நடப்பதைக் கண்முன்னே பார்ப்பது வேறு அனுபவம். சில வாரங்களில், வண்டி வரும்போது மின்னி அதைப் பார்த்துவிட்டுத் தானாகவே தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். அதன் பிறகே தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். அவள் பாய்ந்த நாள்களில் திட்டோ இழுப்போ கிடையாது. தொலைவு போதவில்லை என்று கொண்டு பின்னே போய்விடுவோம்.

பயிற்றுநரின் நேரத்தில் பெரும்பகுதி எங்களுக்கே செலவானது. லீஷைத் தளர்வாகப் பிடிப்பது, துண்டை எந்தக் கணத்தில் கொடுப்பது, ஒரே செயலுக்கு வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது ஆகியவற்றை அம்மா உட்பட அனைவரும் கற்றோம். மின்னி மேல் தாவினால் கொஞ்சுவதும் சில நேரம் அதட்டுவதுமாக இருந்த அம்மா, நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டுமே தடவிக்கொடுக்கப் பழகினார். குடியிருப்பின் காவலாளியும் தாமாகவே முன்வந்து, எங்களுக்காகத் தம் மிதிவண்டியை மெதுவாக ஓட்டிக் காட்டினார். அவருடைய உதவி இல்லாமல் அந்தக் கட்டத்தைக் கடந்திருக்க மாட்டோம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மொத்தமாக முன்பணம் கேட்காமல் வகுப்புக்கு வகுப்பு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எங்களுக்கு ஏற்றதாக இருந்தது. வேறு பயிற்றுநரிடம் போக விரும்பினால் தம் குறிப்புகளைத் தருவதாகவும் அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

இப்போது மின்னி காலை வேளைகளில் எங்கள் தெருவில் வண்டிகளுக்கு நடுவே தளர்ந்த லீஷோடு நடக்கிறாள். பூனை குறுக்கே ஓடினால் இன்றும் பாய்கிறாள். அது முழுவதுமாக மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று பயிற்றுநர் சொல்லிவிட்டதால், திறந்த வெளியில் அவளை லீஷிலிருந்து அவிழ்ப்பதில்லை. அவள் ஓட வேண்டியதை, சுற்றுச்சுவர் உள்ள ஒரு நண்பரின் மனையில் வாரந்தோறும் ஓடித் தீர்த்துக்கொள்கிறாள். மருத்துவமனைப் பயணங்களுக்காக, கூடை போன்ற வாய்க்கூட்டை அச்சமின்றி அணிவதற்குப் பழக்கி வருகிறோம். அதற்குள் வைத்த தயிர்ச்சாதத்தை நக்கி முடிக்கும் வரை மூக்கை உள்ளே வைத்திருக்கிறாள், வாரை இன்னும் பூட்டவில்லை.