பத்து அங்குலப் படி

கும்பகோணத்தில் எங்கள் வீடு பழைய பாணி நீள வீடு. முன்னால் திண்ணை, பின்னால் கொல்லை. வண்டி கொல்லைக்குப் போக பக்கவாட்டுச் சந்து ஒன்றுதான் வழி, அதன் அகலம் நாலடி. சந்து முடிகிற இடத்தில் அப்பா போட்ட ஷெட் இருக்கிறது. ஐப்பசி மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிடக்கூடாது என்று தரையைப் பத்து அங்குலம் உயர்த்தி, வழுவழுப்பாக ரெட் ஆக்சைடு பூசினார். அவருடைய 1984 மாடல் புல்லட்டும் என்னுடைய இன்டர்செப்டர் பைக்கும் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில்தான் நிற்கின்றன. புல்லட் நூற்று அறுபது கிலோவுக்கு மேல். இன்டர்செப்டர் பெட்ரோல் இல்லாமலே 202 கிலோ, டேங்கை நிரப்பினால் இன்னும் பத்து கிலோ சேரும். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம், எடை 52 கிலோ.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாள் காலையில் இன்டர்செப்டரை ஷெட்டிலிருந்து பின்பக்கமாக இறக்கினேன். படிக்குச் சாய்த்துப் போட்டிருந்த பலகை நாலடி நீளம்தான். நனைந்தும் இருந்தது. பின்சக்கரம் கீழே இறங்கியதும் வண்டி தன்பாட்டுக்கு வேகமெடுத்தது. முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். முன்சக்கரம் நின்றது, ஆனால் நின்றபடியே பலகையில் வழுக்கிக்கொண்டு வந்தது. வண்டி எனக்கு எதிர்ப்பக்கம் சாய, விடாமல் இழுத்துப் பிடித்தேன். வண்டி விழுந்தும் விட்டது, என் இடுப்பும் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் நிமிர முடியவில்லை.

எங்கள் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "வண்டியை ஏம்மா தூக்கிக்கிட்டு நடக்குற? நேரா நிறுத்தினா அதுவே நிக்கும். நீ கூட நடந்தா போதும்" என்றார். படுத்திருந்த நாட்களில் ஒரு தாளை வைத்துக்கொண்டு அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியின் கனம் கூடியிருக்கிற இடம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம், கை பிடிக்கிற ஹேண்டில் ஒரு மீட்டர் உயரத்தில். நேராக நிற்கும்போது கையில் வருகிற பாரம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஐந்து டிகிரி சாய்ந்தால் ஒன்பது கிலோ. பத்து டிகிரிக்குப் பதினெட்டு. முப்பது டிகிரியில் ஐம்பது கிலோவைத் தாண்டிவிடும், அதாவது என் எடை. அதற்கு மேல் பிடிக்க முயல்வது வீண். கையை விட்டு, காலை விலக்கிக்கொள்ள வேண்டியதுதான். லீவர் வளைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். இதை எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

அதனால் இப்போதெல்லாம் வண்டியை என் இடுப்புப் பக்கம் ஒரு இழை சாய்த்து, தொடையில் ஒட்டவைத்துக்கொண்டு நடக்கிறேன். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் பிடிக்க ஆளில்லை, என் பக்கம் என்றால் நான் இருக்கிறேன். சமதரையில் இடது கை ஹேண்டிலில், வலது கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியில். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வண்டியைத் தொடுவதே இல்லை. டயரில் காற்று குறைவாக இருந்தால் சமதரையில்கூட வண்டி இழுக்கும். ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் முதலில் காற்றைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் பலகை. நாலடிப் பலகையில் பத்து அங்குலம் ஏற்ற வேண்டுமென்றால் 212 கிலோ வண்டிக்கு நாற்பது கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும். பத்தடிப் பலகை என்றால் பதினெட்டு கிலோ போதும். மரக்கடையில் ஒன்றரை அங்குல கனத்தில் பத்தடிப் பலகை இரண்டு வாங்கினேன். ஒன்று வண்டிக்கு, ஒன்று எனக்கு. இந்த இரண்டாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. வண்டி மட்டும் மேலே ஏறி நாம் கீழேயே நின்றால் ஹேண்டில் தோளுக்கு வந்துவிடும், பிடிமானம் போய்விடும். நடுவில் பலகை தொய்யாமல் இருக்க அடியில் செங்கல் வைக்கிறேன். சிமென்டிலேயே சரிவு கட்டிவிடலாமே என்று கேட்கிறார்கள். சந்தில் ஓடுகிற மழைத்தண்ணீருக்கு வேறு வழி இல்லை, அதனால் வேலை முடிந்ததும் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட வேண்டும்.

பின்பக்கமாக இறக்குவதை அன்றோடு விட்டுவிட்டேன். அப்படி இறங்கும்போது கனமெல்லாம் கீழே இருக்கிற பின்சக்கரத்துக்குப் போய்விடுகிறது, முன்பிரேக் பிடித்தாலும் முன்சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பிருக்காது. முன்பக்கமாக இறங்கினால் முன்பிரேக் நன்றாகக் கேட்கும். கூடவே இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு இறக்குகிறேன். பயம் வந்தால் கிளட்சை விட்டால் போதும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பழைய புல்லட்டில் கியர் வலப்பக்கம் என்பதால் நடக்கத் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும்.

சரி, முன்பக்கமாக இறக்க வேண்டுமென்றால் ஷெட்டுக்குள்ளேயே வண்டியைத் திருப்ப வேண்டுமே? அதற்கு இரும்புப் பட்டறையில் ஒரு தட்டு செய்யச் சொன்னேன். தரையோடு தரையாக இருக்கிற தடித்த இரும்புத் தகடு, ஓரங்களில் ஆறு காஸ்டர் வீல், அதாவது எந்தப் பக்கமும் திரும்பி உருளும் சின்னச் சக்கரம். கனம் எல்லாச் சக்கரத்திலும் சமமாக இறங்காது. அதனால் ஒவ்வொன்றும் தனியாகவே எண்பது கிலோ தாங்குகிற மாதிரி கேட்டு வாங்கினேன்.

அதன்மேல் வண்டியை ஏற்றி சென்டர் ஸ்டாண்டு போடுவது ஒரு சின்ன வித்தை. பின்டயருக்கு அடியில் முக்கால் அங்குலப் பட்டையைத் தள்ளிவைப்பேன். ஸ்டாண்டைக் காலால் மெல்ல இறக்கி, அதன் இரண்டு காலும் தகட்டைத் தொடுகிறதா என்று வண்டியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்ப்பேன். இரண்டும் தொட்டால் 'டொக்' என்று ஒரே சத்தம் வரும். அப்புறம் வலது காலை ஸ்டாண்டின் மிதிக்கிற நாக்கில் வைத்து மேலே ஏறி நிற்பேன், படியில் ஏறுவது போல. கை தூக்குவதில்லை, வழி காட்டுகிறது, அவ்வளவுதான். என் 52 கிலோவுக்கே வண்டி பின்னால் உருண்டு ஏறிக்கொள்ளும். பட்டை இல்லாமல் முயன்று முதுகைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

தட்டில் ஏறிய பிறகு ஒரு கையால் திருப்பலாம். ஆனால் தரையைப் பெருக்கியிருக்க வேண்டும். ஒரு புளியங்கொட்டை குறுக்கே கிடந்தாலும் காஸ்டர் நின்றுவிடும், மேலே வண்டி ஆடிப்போகும். விளக்குமாறு ஷெட் கதவிலேயே தொங்குகிறது.

அடுத்த வாரம் புல்லட்டுக்குப் பின்பிரேக் ஷூ மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் தட்டின் இடது மூலைச் சக்கரத்தைக் கழற்றி கிரீஸ் வைக்கணும், திரும்பும்போது கிறீச்சென்று கத்துகிறது.